நாலே எழுத்து, நாவில் வராத பெயர்! தெரியுமா உங்களுக்கு?

ஒரு பெயர். மொத்தமே நாலு எழுத்து. எபிரேய வேதத்தில் 6,800 தடவைக்கு மேல் வருகிறது. ஆனால் அதை ஆதியில் எப்படி உச்சரித்தார்கள் என்று இன்று உலகத்தில் ஒருவராலும் அடித்துச் சொல்ல முடியாது! நம்ப முடிகிறதா?

யோத், ஹே, வாவ், ஹே. வலமிருந்து இடமாக எழுதும் இந்த நாலு எழுத்துதான் இஸ்ரவேலரின் கடவுளுடைய பெயர். அது எங்கே பிறந்தது? எந்தக் கல்லில் ஒளிந்திருந்தது? யார் யார் கையில் சிக்கி என்ன பாடு பட்டது? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

*எழுத்து இருக்கிறது, ஒலி எங்கே?*

பழைய எபிரேயத்தில் உயிர் ஒலிகளுக்கென்று தனிக் குறிகளே கிடையாது, தெரியுமா? மெய்யை மட்டும் எழுதுவார்கள். ய், ஹ், வ், ஹ். அவ்வளவுதான்! நடுவில் வரும் ஒலிகளை வாசிப்பவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும். பக்தியினால் இந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்வதையே மக்கள் நிறுத்திவிட்டார்கள். விளைவு? ஒலி காற்றோடு போனது, எழுத்து மட்டும் மிஞ்சியது! 'யாவே' என்பதுதான் அறிஞர்களில் பெரும்பாலோரின் கணிப்பு. ஆனால் அதுவும் கணிப்புதான்!

*முதல் அத்தியாயத்தில் ஆளே இல்லை!*

உலகம் படைக்கப்பட்ட கதையைச் சொல்லும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைப் புரட்டுங்கள். அங்கே இந்த நாலெழுத்துப் பெயர் ஒரு தடவைகூட இல்லை! 'ஏலோகிம்' என்ற சொல்தான் வருகிறது. எத்தனை தடவை? ஏழு நாள் படைப்புக் கதைக்குள் சரியாக 35 தடவை! நாலெழுத்துப் பெயர் முதன்முதலாகத் தலைகாட்டுவது இரண்டாம் அதிகாரம் 4ஆம் வசனத்தில்தான். இன்னொரு வேடிக்கை! 'ஏலோகிம்' இலக்கணப்படி பன்மைச் சொல். ஆனால் ஒரே கடவுளைக் குறிக்கும்போது வினைச்சொல் ஒருமையில் நிற்கிறது!

*ராஜ வைத்தியர் பிடித்த துப்பு!*

இந்த இரண்டு பெயர் விவகாரத்தைத் தோண்டித் துருவியவர் யார் தெரியுமா? ஒரு டாக்டர்! பிரான்ஸ் மன்னர் பதினைந்தாம் லூயிக்கு வைத்தியம் பார்த்த ழான் அஸ்த்ருக். சில பகுதிகளில் ஏலோகிம், சில பகுதிகளில் நாலெழுத்துப் பெயர். ஏன்? மோசே இரண்டு பழைய ஏடுகளைச் சேர்த்துத் தொகுத்திருப்பாரோ என்று யோசித்து, 1753இல் தன் பெயரைப் போடாமலே ஒரு புத்தகம் வெளியிட்டார். நவீன பைபிள் ஆராய்ச்சியின் பெரிய வாசல் ஒன்று அன்றைக்குத் திறந்தது. திறந்தவர் மதகுரு அல்ல, நாடி பிடித்தவர்!

*ஆடு மேய்த்தவருக்குக் கிடைத்த பெயர்!*

மோசே இந்தப் பெயரை எங்கே கேட்டார்? அரண்மனையிலா? கோயிலிலா? இல்லை! மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்த வனாந்தரத்தில், எரிந்தும் கருகாத முட்செடியின் நடுவிலிருந்து! அந்த மாமனார் யார்? மீதியான் நாட்டுப் பூசாரி! பெயரைக் கேட்ட மோசேக்குக் கிடைத்த பதிலும் ஒரு புதிர்தான். 'இரு' என்று பொருள்படும் எபிரேய வினையை வைத்து, தாம் இருக்கிறவர் என்று சொல்கிறார் கடவுள். அந்த வினையிலிருந்தே பெயர் பிறந்தது என்கிறது யாத்திராகமம் 3ஆம் அதிகாரம்.

*ஒரே வேதம், இரண்டு பதில்!*

இந்தப் பெயரை மனிதர்கள் எப்போது அறிந்தார்கள்? யாத்திராகமம் 6ஆம் அதிகாரத்தைக் கேட்டால், ஆபிரகாமுக்கே இது தெரியாது, அவருக்குத் தெரிந்தது 'ஏல் ஷத்தாய்' என்ற பெயர்தான் என்கிறது. ஆதியாகமம் 4ஆம் அதிகாரத்தைக் கேட்டால், ஆதாமின் பேரன் ஏனோஸ் காலத்திலேயே மக்கள் இந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிட்டார்கள் என்கிறது! இந்த முடிச்சை அவிழ்க்க அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

*சூடான் பாலைவனத்தில் ஒரு தடயம்!*

எபிரேயக் கடவுளின் பெயரைத் தேடி ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டுமா? ஆம்! இன்றைய சூடானில், நைல் நதிக்கரையில் சோலேப் என்று ஓர் ஊர். அங்கே எகிப்திய மன்னர் மூன்றாம் ஆமென்ஹோதெப் கட்டிய கோயிலில், தான் அடக்கிய நாடுகளின் பட்டியலைச் செதுக்கி வைத்திருக்கிறார். அதில் 'யஹ்வ் நாட்டு ஷாசு' என்று ஒரு குறிப்பு! ஷாசு என்றால் ஊர் ஊராக அலைந்த மேய்ச்சல் கூட்டத்தார். காலம்? கி.மு. 14ஆம் நூற்றாண்டு! அங்கே அது ஓர் இடத்தின் பெயராகத்தான் தெரிகிறது. ஆனாலும் நாலெழுத்துப் பெயருக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் இதற்கு வயது சுமார் 3,400!

*தெற்கேயிருந்து வந்தாரா?*

பைபிளின் மிகப் பழைய பாடல்களைக் கவனித்திருக்கிறீர்களா? கடவுள் எருசலேமில் இருப்பதாக அவை சொல்வதில்லை. சேயீர், ஏதோம், பாரான், தேமான் என்று தெற்கத்திப் பாலைவனப் பெயர்களாக அடுக்கி, அங்கிருந்து வந்தார் என்கின்றன! மோசேயின் மாமனார் ஊரும் தெற்கில்தான். ஷாசு கூட்டம் சுற்றியதும் அந்தப் பக்கம்தான். இந்தப் பெயர் மீதியானியரிடமிருந்து இஸ்ரவேலருக்கு வந்திருக்கலாம் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கருத்து கிளம்பியது. இன்னும் ஓயவில்லை!

*இருப்பவரா? வீசுபவரா?*

பெயரின் வேர் 'இரு' என்பதுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா? அதுதான் இல்லை! ஜெர்மன் அறிஞர் யூலியஸ் வெல்ஹவுசன் அரபு வேர் ஒன்றை எடுத்துக் காட்டி, காற்றாய் வீசுபவர் என்று பொருள் சொன்னார். அதாவது புயலின் கடவுள்! நாலு எழுத்துக்கு எத்தனை அர்த்தம் பாருங்கள்!

*எதிரியின் வாயால் வந்த சாட்சி!*

பைபிளுக்கு வெளியே இந்தப் பெயர் ஐயத்துக்கு இடமின்றி வரும் மிகப் பழைய இடம் எது தெரியுமா? இஸ்ரவேலரின் கல்வெட்டே இல்லை. அவர்களுடைய பகைவன் கல்வெட்டு! மோவாப் நாட்டு மன்னன் மேசா, கி.மு. 840 வாக்கில் 34 வரிகளில் ஒரு கருங்கல் கல்வெட்டு வைத்தான். நேபோ என்ற ஊரில் 7,000 பேரைக் கொன்றதாகவும், யாவேயின் பாத்திரங்களை இழுத்து வந்து தன் கடவுள் கேமோசின் முன்னால் போட்டதாகவும் அதில் பெருமையடிக்கிறான். அவமானப்படுத்த எழுதியவனே அந்தப் பெயரை வரலாற்றில் நிலைநிறுத்திவிட்டான்!

*தீ மூட்டி, தண்ணீர் ஊற்றி உடைத்தார்கள்!*

அந்தக் கல்லின் கதையைக் கேட்டால் திகைத்துப்போவீர்கள்! 1868இல் ஜோர்டானின் தீபானில் பாதிரியார் கிளைன் அதைக் கண்டார். உடனே ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆளாளுக்குப் போட்டி! எரிச்சலடைந்த அந்தப் பகுதிப் பழங்குடியினர் என்ன செய்தார்கள்? கல்லைச் சுற்றித் தீ மூட்டினார்கள். நன்றாகச் சூடேறியதும் பச்சைத் தண்ணீரை ஊற்றினார்கள். படீர்! கல் சுக்குநூறு! நல்லவேளை, உடைவதற்கு முன்பே ஈரக் காகிதத்தை அழுத்தி எழுத்துகளைப் படியெடுத்து வைத்திருந்தார்கள். அதை வைத்துத்தான் துண்டுகளை ஒட்டினார்கள். இன்று அது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது!

*கடவுளுக்குத் துணைவி இருந்தாளா?*

இதுதான் பலரைத் தூக்கிவாரிப்போட்ட கண்டுபிடிப்பு! 1975-76இல் சீனாய் பாலைவனத்தில், குந்திலத் அஜ்ருத் என்ற இடத்தில் தொல்லியலாளர் ஜெயெவ் மெஷெல் தோண்டினார். கி.மு. 800 வாக்கில் பயன்பட்ட பெரிய பெரிய ஜாடிகள் கிடைத்தன. அவற்றின்மேல் என்ன எழுதியிருந்தது தெரியுமா? சமாரியாவின் யாவே, தேமானின் யாவே, கூடவே 'அவருடைய அசேரா'! அசேரா என்பது கானானியப் பெண் தெய்வத்தின் பெயர். அவளையே குறிக்கிறதா, அவளுக்கு நட்ட மரக்கம்பத்தைக் குறிக்கிறதா? அரை நூற்றாண்டாக வாதம் நடக்கிறது!

*கல்லறையிலும் அதே ஜோடி!*

ஜாடியில் யாரோ கிறுக்கியது என்று தள்ளிவிடலாம் என்கிறீர்களா? பொறுங்கள்! எபிரோன் பக்கத்தில் கிர்பத் எல்-கோம் என்ற இடத்தில் கி.மு. 8ஆம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்று. உரியாகு என்பவருக்காகச் செதுக்கிய வாசகம். அங்கேயும் யாவே, அங்கேயும் அவருடைய அசேரா! இந்தச் சொல் எபிரேய வேதத்திலேயே சுமார் 40 தடவை வருகிறது. பெரும்பாலும் வெட்டு, எரி, ஒழி என்ற கண்டனத்தோடு!

*பலிபீடத்தில் கஞ்சா!*

எழுத்துப் பிழை இல்லை. சரியாகத்தான் படித்தீர்கள்! யூதா நாட்டின் தெற்கு எல்லையில் ஆராத் கோட்டை. அதற்குள் சின்னக் கோயில். அங்கே சுண்ணாம்புக் கல்லில் இரண்டு தூபபீடங்கள். அவற்றின் மேலே ஒட்டியிருந்த கருப்புக் கறையை ஆய்வகத்தில் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய பீடத்தில் சாம்பிராணி வகைப் பிசின். சின்னப் பீடத்தில்? சாணத்தோடு கலந்து எரித்த கஞ்சா! யாவேயின் வீடு என்ற சொல் வரும் மண்ணோட்டுக் கடிதம் ஒன்றும் இதே ஆராத்தில்தான் கிடைத்தது!

*வெள்ளித் தாயத்துக்குள் வேத வசனம்!*

1979. எருசலேமில் கேத்தெப் ஹின்னோம் என்ற இடம். தொல்லியலாளர் கபிரியேல் பார்க்காயின் குழுவில் உதவிக்கு வந்த சிறுவன் ஒருவன், பொழுது போகாமல் சுத்தியலால் தரையைத் தட்டினான். பொத்துக்கொண்டது! அடியில் யாரும் தொடாத புதையறை! 1,000க்கு மேற்பட்ட பொருட்கள்! அவற்றில் சுருட்டிய இரண்டு வெள்ளித் தகடுகள். விரிக்கவே மூன்று ஆண்டு ஆனது. பெரியதன் நீளம் 10 சென்டிமீட்டர்கூட இல்லை! உள்ளே நாலெழுத்துப் பெயர், கூடவே எண்ணாகமத்தில் வரும் ஆசாரியரின் ஆசீர்வாதம்! காலம் கி.மு. 600ஐ ஒட்டியது. பைபிள் வசனம் எழுதப்பட்டு நம் கைக்குக் கிடைத்த மிகப் பழைய பொருள் இதுதான். சாக்கடல் சுருள்களில் மிகப் பழையதைவிடவும் முந்நூறு ஆண்டுக்கு மேல் மூத்தது!

*போர்முனைக் கடிதத்தில் பெயர்!*

பாபிலோன் படை யூதாவை நெருக்கிய காலம். லாகீஸ் கோட்டையின் தளபதிக்கு உடைந்த பானை ஓடுகளில் மையால் கடிதம் எழுதினார்கள். 1935இல் தோண்டியபோது கிடைத்தன. ஊர் எரிந்துகொண்டிருக்கும் நேரத்திலும் கடிதத்தை எப்படித் தொடங்குகிறார்கள் தெரியுமா? யாவே உமக்கு நல்ல செய்தி கேட்கச் செய்வாராக என்ற வாழ்த்தோடு! நாலெழுத்தை அன்றைய சாதாரணப் போர்வீரர்கள் கூசாமல் எழுதினார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

*பாபிலோன் ரேஷன் பட்டியலில் ஒரு ராஜா!*

18 வயதில் அரியணை ஏறி, மூன்றே மாதத்தில் சிறைப்பட்டுப் பாபிலோன் போன யூதா மன்னர் யோயாக்கீன் நினைவிருக்கிறதா? அவருக்கும் அவருடைய ஐந்து பிள்ளைகளுக்கும் அளந்து கொடுத்த எண்ணெயின் கணக்கு களிமண் பலகையில் அப்படியே கிடைத்திருக்கிறது! கி.மு. 592 என்று தேதிகூட உண்டு! அந்த மன்னர் பெயருக்குள்ளும் நம் நாலெழுத்து சுருங்கி ஒளிந்திருக்கிறது. அசீரிய மன்னன் சனகெரிப் எருசலேமில் அடைத்து வைத்ததாகப் பீற்றிக்கொண்ட எசேக்கியாவின் பெயரிலும் அதேதான். பகைவர்களே தெரியாமல் எழுதிப் பாதுகாத்திருக்கிறார்கள்!

*நைல் தீவில் ஒரு கோயில்!*

எருசலேமுக்கு வெளியே கோயில் கூடாது என்பதுதானே சட்டம்? ஆனால் எகிப்தின் எலிபண்டைன் தீவில், பாரசீகர் படையில் வேலை பார்த்த யூதச் சிப்பாய்கள் தங்கள் கடவுளுக்குத் தனிக் கோயிலே வைத்திருந்தார்கள்! அங்கே பெயருக்கு மூன்றே எழுத்து. 'யாஹூ'! கி.மு. 410இல் ஆட்டுத்தலைத் தெய்வமான க்னூமின் பூசாரிகள் தூண்டிவிட, அந்தக் கோயில் இடிக்கப்பட்டது. கட்டித்தரச் சொல்லி கி.மு. 407இல் யூதா நாட்டு ஆளுநருக்கு எழுதிய மனுவின் நகல் இன்றும் இருக்கிறது! அந்தத் தீவின் நன்கொடைப் பட்டியலில் யாஹூவோடு வேறு இரண்டு தெய்வங்களுக்கும் காசு பிரித்திருக்கிறார்கள். அதையும் மறைக்கவில்லை!

*ஆண்டுக்கு ஒரு நாள், பத்தே தடவை!*

எருசலேம் கோயில் இருந்த காலத்தில், பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூரில் தலைமை ஆசாரியர் இந்தப் பெயரை உரக்கச் சொல்வார். அன்று மட்டும் பத்துத் தடவை என்கிறது யூத மரபு நூலான தல்மூத்! காதில் விழுந்ததும் பிராகாரத்தில் நின்ற கூட்டம் நெடுஞ்சாண்கிடையாக விழும். அவருடைய தலைப்பாகையின் முன்புறத்தில் கட்டிய பொன் தகட்டிலும் இதே பெயர்தான். கி.பி. 70இல் ரோமர்கள் கோயிலை எரித்தார்கள். அதோடு அந்தக் குரலும் நின்றது!

*ஏழு வருஷத்துக்கு ஒரு முறை!*

அப்படியானால் உச்சரிப்பு உடனே மறைந்துவிட்டதா? இல்லை! ரகசியமாகக் காப்பாற்றினார்கள். ஞானிகள் தங்கள் சீடர்களுக்கு ஏழு வருஷத்துக்கு ஒரு முறை அதைச் சொல்லிக்கொடுப்பார்களாம். இரண்டு முறை என்பாரும் உண்டு. தல்மூத் சொல்லும் கணக்கு இது. ஒரு பெயருக்கு ஏழு வருஷப் பாடம்!

*பெயருக்குப் பதில் நாலு புள்ளி!*

சாக்கடல் ஓரம் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில் ஓர் அதிசயம் பார்க்கலாம். மற்றச் சொற்களெல்லாம் அன்றைய புது எழுத்தில். இந்தப் பெயர் வந்ததும் எழுத்தே மாறுகிறது! பல நூற்றாண்டு பழைய எழுத்து வடிவத்தில் அதை மட்டும் வரைகிறார்கள். இன்னும் சில சுருள்களில் அதுவும் இல்லை. வெறும் நாலு புள்ளி! எழுதவே கை கூசியிருக்கிறது!

*கடவுள் பெயர் 'பிபி'யா?*

சிரிக்காதீர்கள்! கிரேக்க மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் இந்தப் பெயரை மட்டும் எபிரேய எழுத்திலேயே விட்டுவைத்தார்கள். எபிரேயம் அறியாத கிரேக்க வாசகர்கள் அதை இடமிருந்து வலமாகத் தங்கள் எழுத்தென்று எண்ணிப் படித்தார்கள். என்ன வந்தது? 'பிபி'! நம்மூர்த் திருவிழாவில் பிள்ளைகள் ஊதும் பீப்பி அல்ல, சாட்சாத் கடவுளின் பெயர்! இந்தக் கூத்தை 4ஆம் நூற்றாண்டு அறிஞர் ஜெரோம் கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

*மந்திரவாதிகளின் செல்லப் பெயர்!*

யூதர்கள் சொல்ல அஞ்சிய பெயரை மந்திரவாதிகள் விட்டுவைத்தார்களா? எகிப்தில் கிடைத்த கிரேக்க மந்திர ஏடுகளைத் திறந்தால் 'இயாஓ', 'இயாஓ' என்று கொட்டிக் கிடக்கிறது! சேவல் தலை, பாம்புக் கால்கள் கொண்ட விசித்திர உருவத்தை மோதிரக் கல்லில் செதுக்கி, பக்கத்தில் இதே பெயரைப் பொறித்தார்கள். கி.மு. முதல் நூற்றாண்டு கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோருக்கும் யூதர்களின் கடவுள் பெயர் 'இயாஓ' என்றே தெரிந்திருந்தது!

*15ஐ 15 என்று எழுத மாட்டார்கள்!*

எபிரேயத்தில் எழுத்துகளே எண்கள். 10க்கு யோத், 5க்கு ஹே. அப்படியானால் 15க்கு யோத்-ஹே தானே? ஆனால் அது கடவுள் பெயரின் சுருக்கமான 'யா' ஆகிவிடுமே! அதனால் 9ஐயும் 6ஐயும் சேர்த்து எழுதுகிறார்கள். 16க்கும் இதே சிக்கல், அங்கே 9உம் 7உம்! நாட்காட்டியில் 15ஆம் தேதி வரும்போதெல்லாம் இந்தச் சுற்றுவழிதான். நாலெழுத்தின் மொத்த மதிப்பு எவ்வளவு? 10, 5, 6, 5. கூட்டினால் 26!

*அரசனே வந்தாலும் தலை நிமிரக் கூடாது!*

மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் சுருளைக் கையால் எழுதும் சோபர்களுக்கு மரபுப்படி 3,04,805 எழுத்துக் கணக்கு. இந்தப் பெயரை எழுதும்போது அரசனே வந்து நலம் விசாரித்தாலும் பதில் சொல்லக் கூடாது என்பது பழைய விதி! எழுதிவிட்டால் அழிக்கவும் கூடாது. பழசாகிப்போன தாளை எரிக்கவும் கூடாது. பின்னே? பத்திரமாகச் சேர்த்துவைத்துப் புதைப்பார்கள். கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில் புதைக்காமலே நூற்றாண்டுக் கணக்கில் சேர்த்ததில் என்ன ஆனது தெரியுமா? சுமார் 4 லட்சம் ஏட்டுத் துண்டுகள்! வேத நூல் மட்டுமா? எபிரேய எழுத்தில் எழுதிய கணக்கு, கடிதம் எல்லாம்! அவற்றில் 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த யூத வணிகர் ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்களும் உண்டு. பெயர்மேல் இருந்த பயபக்தி நம் மேற்குக் கரையின் வரலாற்றையும் காப்பாற்றிவிட்டது!

*'யெகோவா' எப்படி வந்தது?*

ஏட்டில் நாலெழுத்தைப் பார்க்கும் யூதர் வாயால் சொல்வது 'அதோனாய்', அதாவது ஆண்டவர். அதை நினைவூட்ட, இடைக்கால எழுத்தர்கள் நாலெழுத்தின்மீது 'அதோனாய்' சொல்லின் உயிர்க்குறிகளைப் போட்டார்கள். ஐரோப்பியக் கிறிஸ்தவ அறிஞர்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் படித்தார்கள். பிறந்தது 'யெகோவா'! வில்லியம் டிண்டேல் 1530இல் ஆங்கிலத்தில் அதை அச்சேற்றினார். 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் அது தனித்து நிற்பது எத்தனை இடத்தில்? வெறும் நாலே இடம்! அதிலும் முதல் எழுத்து 'ஜே' இல்லை, 'ஐ'! 1989இல் வந்த இந்தியானா ஜோன்ஸ் படத்தில் கதாநாயகன் தப்பான எழுத்தில் கால் வைத்து விழப் பார்ப்பாரே, அந்தக் காட்சியின் சூட்சுமம் இதுதான்!

*5,50,000 டாலர் மாதுளம்பழம்!*

தந்தத்தில் செய்த கட்டைவிரல் அளவு மாதுளை. யாவேயின் வீட்டைச் சேர்ந்தது என்று பொருள்படும் எழுத்து. சாலொமோன் கோயிலின் ஒரே மிச்சம் இதுதான் என்று உலகமே வியந்தது! இஸ்ரேல் அருங்காட்சியகம் 1988இல் கொடுத்த விலை? 5,50,000 டாலர்! 2004இல் நிபுணர் குழு குண்டைத் தூக்கிப் போட்டது. மாதுளை பழசுதான், எழுத்து மட்டும் புதுசு. போலி!

*கோபன்ஹேகன் கோபுரத்தில் எபிரேயம்!*

டென்மார்க் தலைநகரின் வட்டக் கோபுரத்தை 1642இல் கட்டி முடித்தார் மன்னர் நான்காம் கிறிஸ்டியன். அதன் முகப்பில் பொன்னிறத்தில் பளபளப்பது என்ன? நம் நாலெழுத்து! நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் முத்திரையைப் பாருங்கள். உச்சியில் அதே நாலெழுத்து! உச்சரிக்கத் தயங்கிய பெயர் ஊர் பார்க்க நிற்கிறது!

*வத்திக்கான் போட்ட தடை!*

1931இல் அமெரிக்காவில் ஒரு மதக்குழு இந்தப் பெயரையே தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. அவர்கள்தான் யெகோவாவின் சாட்சிகள். 2008இல் வத்திக்கான் என்ன செய்தது? நேர் எதிர்! திருப்பலியிலும் பாடலிலும் 'யாவே' என்று உச்சரிக்க வேண்டாம் என்று உலகெங்கும் உள்ள ஆயர்களுக்குக் கடிதம் அனுப்பியது. ஒரே பெயர், ஒருவருக்குக் கொடி, இன்னொருவருக்கு மௌனம்!

*பெயரே இல்லாத வேத நூல்!*

6,800 தடவை வரும் பெயர் ஒரு புத்தகத்தில் ஒரு தடவைகூட வரவில்லை என்றால்? எஸ்தர் நூல் அப்படி ஒன்று! பத்து அதிகாரம். பாரசீக ராஜா பக்கத்துக்குப் பக்கம் வருகிறார். கடவுளின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை!

*தமிழில் என்ன ஆனது?*

தமிழ்ப் பைபிளில் நாலெழுத்து எங்கே போனது என்று கேட்கிறீர்களா? புராட்டஸ்டண்டுகளின் பழைய மொழிபெயர்ப்பில் 'கர்த்தர்'. இப்போதைய பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் 'ஆண்டவர்'. கடவுள் என்ற பொதுச் சொல்லுக்கே இங்கே பெரிய போட்டி நடந்தது, தெரியுமா? தரங்கம்பாடியில் பைபிளை மொழிபெயர்த்த சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார். பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். பவர் ஐயர் குழு 'தேவன்' என்றது! ஆனாலும் பழைய மொழிபெயர்ப்பில் சில இடங்களில் மூலப் பெயர் எட்டிப் பார்க்கிறது. 'யேகோவாயீரே', 'யேகோவாநிசி' ஞாபகம் வருகிறதா?

*நீங்களே தினமும் கேட்கிறீர்கள்!*

சொல்லக் கூடாத பெயர் என்றோமே, அதை ஊரே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது! 'அல்லேலூயா'வின் கடைசி 'யா' யார்? அவரேதான்! எலியா, ஏசாயா, எரேமியா, சகரியா எல்லோர் பெயரின் வாலிலும் அவரே. யோனத்தான், யோசுவா பெயர்களின் தலையிலும் அவரே. யோசுவாவின் சுருங்கிய வடிவம்தான் இயேசு. எபிரேய 'யோகானான்' ஊர் ஊராகப் போய் ஜான், ஜுவான், இவான், ஜியோவானி, ஷான், யோவான் என்று வேஷம் மாற்றிக்கொண்டது. எல்லாவற்றுக்குள்ளும் ஒளிந்திருப்பது அதே நாலெழுத்தின் துண்டு!

இப்போது உங்கள் முறை. செல்போனை எடுங்கள், தொடர்புப் பட்டியலைத் திறங்கள். ஜான், ஜோயல், மத்தேயு, எலியாஸ், ஜோனதன், ஜோஷ்வா என்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? எண்ணிப் பாருங்கள். அத்தனை பேரிடமும் கேளுங்கள்: உங்கள் பெயருக்குள் 3,000 வருஷப் பழைய பெயர் ஒன்று இருக்கிறதே, தெரியுமா?